ஓசை அடங்கினால் எஞ்சின் ஓய்ந்துவிட்டதா?

1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் ஒரு ஹைபிரிட் கார். அதில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. இத்தகைய காருக்கு வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றலாம். ஆனால் ஓசை இல்லை என்பதால் எஞ்சின் ஓய்ந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்! 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பேட்டரியில் மின்சாரம் குறைந்ததும் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். அப்போது ஆயில் வடிக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? சுழல்தண்டுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இராது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, சூடேறி, எஞ்சினே இறுகிப்போகும்.

ஆகவே காரை முற்றிலும் அணைத்து, யாரும் தவறிப் பொத்தானை அழுத்தாதபடி சாவியைத் தொலைவில் வைத்த பிறகே வடிகால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ஆரஞ்சு நிறக் கம்பிகளையும் தொடாதீர்கள்; அவற்றில் 200 வோல்ட்டுக்கும் மேல்! புது ஆயிலை ஊற்றி, அளவுக்குச்சியில் பார்த்த பிறகே சாவியை எடுங்கள்.