கீழே விழுந்த கைக்கடிகாரம்

மனிதன் தன் உடலில் அணியும் பொருள்களுள் தானே இயங்குவது கைக்கடிகாரம் ஒன்றே எனலாம். மோதிரமும் காப்பும் சங்கிலியும் அசைவற்ற அணிகள். கைக்கடிகாரமோ அணிந்தவர் உறங்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது. ஆதலினால் அதனிடத்தில் மக்களுக்கு ஒரு தனிப்பற்று உண்டாகின்றது. தந்தையார் அணிந்திருந்தது, மணநாளில் மாமனார் அளித்தது, முதற் சம்பளத்தில் வாங்கியது என்று ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கும். அத்தகைய கடிகாரம் கை தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டால், எடுத்தவர் முதலிற் செய்வது அதனைக் காதோடு சேர்த்துக் கேட்பதே. ஓசை கேட்டால் மனம் ஆறுகின்றது. ஆனால், ஓசை கேட்பது ஒன்றே போதிய சான்றாகுமா? விழுந்த அந்தக் கணத்தில் உள்ளே நிகழ்ந்தது யாது? இவற்றை அறிந்துகொண்டால் வீண் அச்சமும் நீங்கும். வீண் துணிவும் நீங்கும்.

முதலில் வீழ்ச்சியின் தன்மையை அறிதல் வேண்டும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைச் சேர அரைச் செக்கன்கூட எடுப்பதில்லை. தரையைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் கையிலுள்ள கடிகாரமும் இவ்வேகத்திலேதான் செல்கின்றது. அதற்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. தீங்கு செய்வது வேகமன்று. அவ்வேகம் அடங்கும் முறையே. வண்டி சிறிது சிறிதாக நிற்கின்றது. கடிகாரமோ கருந்தரையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளிக்குள் நின்றுவிடுகின்றது. ஒரு மீற்றர் தூரத்திற் பெற்ற வேகத்தை ஒரு மில்லிமீற்றருக்குள் இழக்க வேண்டுமாயின், அந்தக் கணத்தில் அதன் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையைப்போல் 1000 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். அதே கடிகாரம் தடித்த கம்பளத்தின்மேல் விழுந்து, ஒரு சென்ரிமீற்றர் அமிழ்ந்து நிற்குமாயின், பாரம் 100 மடங்காகக் குறைந்துவிடும். விழும் உயரத்தைப் போலவே விழும் இடமும் கடிகாரத்தின் விதியைத் தீர்மானிக்கின்றது.

இனி, இப்பாரத்தைத் தாங்கவேண்டிய உறுப்புகள் எவை என்பதை நோக்குதல் தகும். சாவி கொடுத்து இயங்கும் கடிகாரத்திற் சுருட்டிய விற்சுருள் ஒன்று சக்தியைச் சேமித்து வைத்திருக்கின்றது. அச்சக்தி பற்சக்கரங்களின் வழியாக வந்து, இறுதியில் முன்னும் பின்னுமாக ஊசலாடும் ஒரு சிறு சக்கரத்தைச் சேர்கின்றது. இதுவே சமநிலைச் சக்கரம். மயிரிழை போன்ற மற்றொரு சுருள் அதனை ஒழுங்காக ஆடச் செய்கின்றது. பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் இச்சக்கரம் செக்கனுக்கு 5 அடி வீதம், ஒரு நாளில் 432,000 அடிகளை எண்ணுகின்றது. காதிற் கேட்கும் ஓசை இதனோடு தொடர்புடைய உறுப்புகளின் ஓசையே.

இத்துணை விரைவாக ஆடும் சக்கரம் உராய்வின்றி ஆட வேண்டுமாயின், அதன் அச்சின் முனைகள் மிக நுண்ணியனவாக இருத்தல் வேண்டும். அம்முனைகளின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவினது. தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்கது. சக்கரத்தின் நிறை ஒரு கிராமின் இருபதில் ஒரு பங்கு என்று கொண்டாலும், மேற்கூறிய 1000 மடங்குக் கணக்கின்படி 50 கிராம் பாரம் அம்மயிரிழை முனைமீது ஒரு கணம் வந்து இறங்குகின்றது. முனை வளைவதும் முறிவதும் இதனாலேயே. கடிகாரத்தின் மேலுறை எவ்வளவு தடித்ததாயினும், அதன் உயிர்நிலை இந்த நுனியிலேதான் உள்ளது.

இம்முனைகள் சுழல்வதற்குக் கல் பதிக்கும் வழக்கம் பழையது. துளையிட்ட மாணிக்கக் கற்களைத் தாங்கிகளாகப் பயன்படுத்தும் முறைக்கு 1704 ஆம் ஆண்டில் இலண்டனில் உரிமை வழங்கப்பட்டது. 1902 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வேர்னோய் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டபின், கற்கள் மலிவாகக் கிடைக்கலாயின. இரத்தினபுரியில் அகழப்படும் நீலக்கல்லும் கடிகாரத்திலுள்ள சிவந்த கல்லும் ஒரே கனிய இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்னும் பெயரும் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதேயாகும். ஆயினும் கல்லின் வன்மை உராய்வைத் தடுக்குமேயன்றி அதிர்ச்சியைத் தடுக்காது. வன்மையான கல்லிடையே சிக்கிய மெல்லிய முனைக்கு விலகிச் செல்ல இடமில்லை.

அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவர் ஆபிரகாம் லூயி பிறேகே. சுவிற்சர்லாந்தின் நொய்சாற்றலில் 1747 ஆம் ஆண்டிற் பிறந்து, பாரிஸ் நகரிற் புகழ்பெற்ற இக்கைவினைஞர், 1790 ஆம் ஆண்டளவில் ஓர் உபாயத்தைக் கண்டார். கல்லை அசையாதபடி பதிப்பதற்குப் பதிலாக, மெல்லிய வில்லொன்றின் நுனியில் அதனை ஏந்தவைத்தார். அதிர்ச்சி வரும்போது கல் சற்றே விலகிக் கொடுத்து மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிடும். எதிர்த்து நின்று முறிவதிலும் இசைந்து கொடுத்து மீள்வதே மேல் என்னும் உண்மை இங்கே இயந்திரத்தில் அமைந்தது. நாணலும் பெருமரமும் வெள்ளத்தில் நடந்துகொள்ளும் முறை இதற்கு நல்ல உவமையாகும்.

கடிகாரம் சட்டைப்பையில் இருந்த காலம்வரை இவ்வமைப்பின் தேவை அவ்வளவாக உணரப்படவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிற்று. கதவிலும் மேசையிலும் மோதுவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 1934 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தில் ‘இன்காபுளொக்’ என்னும் அமைப்பு தோன்றியது. இதிற் கல்லானது கூம்பு வடிவான குழியிலே அமர்ந்திருக்கும். யாழ் வடிவான சிறு வில்லொன்று அதனை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். அதிர்ச்சியின்போது கல் சரிந்து விலக, அச்சின் தடித்த பகுதி ஒரு தடையிற் சென்று முட்டி அப்பாரத்தை ஏற்றுக்கொள்ளும். மெல்லிய முனை தப்பிவிடும். பின்னர் வில் கல்லைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். பெரும்பாலான பொறிக் கடிகாரங்களில் இன்று இவ்வகை அமைப்பொன்று உண்டு.

அதிர்ச்சியைத் தாங்கும் கடிகாரம் என்று கூறுவதற்குச் சர்வதேச நியமம் ஒன்றும் இருக்கின்றது. 3 கிலோகிராம் நிறையுள்ள சம்மட்டி ஊசலாகத் தொங்கி வந்து, கடிகாரத்தைப் பக்கவாட்டில் ஒரு முறையும் கண்ணாடி முகத்தில் ஒரு முறையும் தாக்கும். அத்தாக்குதல் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கடின மரத்தரையில் விழுவதற்கு ஒப்பானது. அதன்பின்னும் கடிகாரம் ஓடவேண்டும். அதன் போக்கு நாளொன்றுக்கு 60 செக்கனுக்கு மேல் மாறலாகாது. இதனை ஊன்றி நோக்கின் ஒரு செய்தி புலனாகும். அதிர்ச்சியைத் தாங்குவது என்பதன் பொருள் ஒன்றும் நேராது என்பதன்று. நேர்வது ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பதே. கற்றரையும் இரண்டாம் மாடியும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை.

1969 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆம் நாள் யப்பானில் விற்பனைக்கு வந்த குவாட்ஸ் படிகக் கைக்கடிகாரம் புதியதொரு வகைக்கு வழி வகுத்தது. இன்று இவ்வகைக் கடிகாரங்களிற் பெரும்பாலானவற்றில் ஒரு சிறு படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கின்றது. இவற்றிற் சமநிலைச் சக்கரம் இல்லை. ஆதலால் முனை முறியும் அச்சமும் இல்லை. எனினும் வீழ்ச்சியால் மின்கலத்தின் தொடுகை விலகலாம்; முள் தளரலாம்; சிற்சில வேளை படிகமே முறியலாம்.

தந்தை அளித்த கடிகாரம் விழுந்து உடைந்த துயரமே ஒரு புதுப் படைப்புக்குக் காரணமானதும் உண்டு. யப்பானியப் பொறியியலாளர் கிக்குவோ இபே, தம் கடிகாரம் அவ்வாறு சிதறியதைக் கண்டு, விழுந்தாலும் உடையாத கடிகாரம் ஒன்றை ஆக்க 1981 ஆம் ஆண்டில் முனைந்தார். ஏறத்தாழ 200 மாதிரிகளைச் செய்து, மூன்றாம் மாடிச் சாளரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். வெளியுறையை எவ்வளவு தடிப்பாக்கினும் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு உடைந்தது. பூங்காவிலே சிறுமி ஒருத்தி பந்தைத் தட்டி விளையாடுவதைக் கண்டபோது, பந்தின் நடுவே மிதப்பதுபோல் இயந்திரத்தை நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் உதித்தது. அவ்வழியில் உருவான கடிகாரம் 1983 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பிறேகே கல்லுக்கு அளித்த இடைவெளியை இபே இயந்திரம் முழுவதற்கும் அளித்தார் என்று கூறலாம்.

இனி, கடிகாரம் விழுந்தபின் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, அதனைக் குலுக்கிப் பார்க்கலாகாது, தட்டவும் ஆகாது. முனை வளைந்திருப்பின் குலுக்குவது முறிவிலே முடியும். இரண்டாவது, கண்ணாடி உடைந்திருப்பின் சாவி கொடுத்தலையும் முள்ளைத் திருப்புதலையும் தவிர்க்க வேண்டும். நுண்ணிய கண்ணாடித் துகள் பற்சக்கரங்களுக்கிடையே புகுந்தால், வீழ்ச்சி செய்யாத கேட்டை அது செய்துவிடும். மூன்றாவது, வெளியே ஒரு கீறலும் இல்லையாயினும் நீரில் நனையவிடலாகாது. உறையின் பொருத்து நெகிழ்ந்திருக்கக்கூடும்.

கடிகாரம் தொடர்ந்து ஓடுமாயின், சரியான நேரத்துக்கு வைத்து ஒரு நாள் முழுவதும் கவனித்தல் வேண்டும். வானொலியின் நேர அறிவிப்போடு ஒப்பிடுவது இதற்கு எளிய வழி. திடீரென்று பல நிமிடங்கள் முந்தினால், மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். முகம் மேல்நோக்கி இருக்கையில் ஒருவிதமாகவும், கவிழ்த்து வைக்கையில் வேறுவிதமாகவும் ஓடினால், முனைகளில் ஒன்று பழுதாகியிருக்கலாம். தானே சாவியேறும் கடிகாரத்தை அணிந்து கையை அசைக்கும்போது உராயும் ஓசை புதிதாகக் கேட்டால், சுழலும் பாரத்தின் அச்சு வளைந்திருக்கலாம். இவற்றுள் எது தோன்றினும் தாமதியாது தேர்ந்த திருத்துநரிடம் கொடுத்தல் நன்று. வளைந்த முனையோடு மாதக்கணக்கில் ஓடவிடுவது சிறு செலவைப் பெருஞ்செலவாக்கும்.

முனை முறிந்தது என்று கேட்ட மாத்திரத்தே கடிகாரம் மாண்டது என்று கருதவும் வேண்டா. புதிய அச்சு வாங்கிப் பொருத்தலாம். கிடையாதாயின் கைதேர்ந்தவர் கடைசலிற் கடைந்தே செய்துவிடுவர். கொடுக்கும்போது எவ்வுறுப்பு மாற்றப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து, பழைய உறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வது முறை. முகப்பையும் உறையையும் புதிதுபோல் மெருகிடுவதற்கு முன் சற்றே சிந்திக்க வேண்டும். தந்தையின் கைபட்டுத் தேய்ந்த அடையாளங்களை ஒருமுறை அழித்துவிட்டால் மீண்டும் பெறமுடியாது.

வருமுன் காப்பதற்கும் எளிய வழிகள் உண்டு. கடிகாரங்கள் விழுவதற்குப் பெருங்காரணம் வாரைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிகள் துருப்பிடித்துத் தேய்வதே. வியர்வை மிகுந்த எம் நாட்டில் இது விரைவில் நிகழ்கின்றது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் அக்கம்பிகளை வார் மாற்றும்போதெல்லாம் மாற்றிவிடலாம். கடிகாரத்தைக் கழற்றும்போது மெத்தைக்கோ துணி விரித்த மேசைக்கோ நேராகக் கையை வைத்துக் கழற்றுவது நல்ல பழக்கம்.

வீட்டிலுள்ள பிள்ளை கடிகாரத்தைத் தவறவிட்டால், பெரியோர் கடிந்துகொள்வதற்கு முன் ஒன்றை நினைத்தல் வேண்டும். அச்சத்தினால் அதனை மறைத்துவைக்கும் பிள்ளை, திருத்தக்கூடிய பழுதைத் திருத்தமுடியாததாக்கிவிடும். விழுந்தது என்று உடனே சொல்லக்கூடிய வீட்டிலேதான் பழைய கடிகாரங்கள் அடுத்த தலைமுறைக்கும் ஓடும்.