சளியில் கிருமி இருந்தாலே காசநோயா?

ஆஸ்துமாவுக்கும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கும் வருடக்கணக்கில் இன்ஹேலர் இழுக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர். எப்போதோ வந்த காசநோய் குணமாகியும், மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நிலையில் இருப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு இருமல் கூடி, எடை குறைந்து, லேசான காய்ச்சலும் வந்தால் சளியை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 'கிருமி இருக்கிறது' என்று முடிவு வந்ததுமே அத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேரப்பிள்ளைகளை அருகே விடுவதில்லை. (காசநோயே தட்டு டம்ளர் வழியாகப் பரவுவதில்லை, காற்றில்தான் பரவுகிறது என்பது வேறு விஷயம்.)

அந்தக் கிருமி காசநோய்க் கிருமியின் உறவுக்காரனாக இருக்கலாம். மைக்கோபாக்டீரியா என்ற குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. காசநோயையும் தொழுநோயையும் உண்டாக்குபவை போக மற்றவை மண்ணிலும் நீரிலும் வாழ்பவை. மெழுகு போன்ற மேலுறை இருப்பதால் குளோரினுக்கு எளிதில் மடிவதில்லை. குழாயின் உட்புறத்திலும் ஷவர் தலையிலும் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. நாம் எல்லோரும் இவற்றைச் சுவாசிக்கிறோம். செங்கல்பட்டில் 1968ல் தொடங்கிய பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அப்பகுதி மக்கள் முன்பே இத்தகைய கிருமிகளோடு பழகியிருந்தார்கள் என்பது.

ஆரோக்கியமான நுரையீரல் இவற்றைச் சளியோடு வெளியே தள்ளிவிடும். சேதமடைந்த மூச்சுக்குழாயில் சளி நகராது, கிருமி குடியேறிவிடுகிறது. இது பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே காசநோய் இல்லை என்று உறுதியானபின் பெரியவரை ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை.

சிக்கல் என்னவென்றால், சாதாரண நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். காசநோய்க்கான மரபணுச் சோதனையும் கல்ச்சரும்தான் பிரித்துக் காட்டும். கல்ச்சரில் ஒருமுறை வந்துவிட்டால் போதாது, அது தண்ணீரிலிருந்து கலந்ததாகவும் இருக்கலாம். தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது அதே கிருமி வளர வேண்டும். சிடி ஸ்கேனும் நோயாளியின் தொந்தரவும் அதற்குப் பொருந்த வேண்டும். காசநோய் மாத்திரை பல மாதம் சாப்பிட்டும் குணமில்லை என்றால், "கல்ச்சரில் எந்த இனம் வந்தது?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சிகிச்சை இனத்துக்கு இனம் மாறும். அதிகம் காணப்படும் ஏவியம் வகைக்கு அசித்ரோமைசின், எதாம்புடால், ரிஃபாம்பிசின் மூன்றும் சேர்த்துத் தருகிறார்கள். சளியில் கிருமி மறைந்த பிறகும் ஏறத்தாழ ஒரு வருடம் தொடர வேண்டும். இதில் அசித்ரோமைசினை மட்டும் தனியே சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும்; பிறகு சிகிச்சை மிகக் கடினம். இருமலுக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதாம்புடால் எடுப்பவருக்குப் பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இவ்வளவு நீண்ட சிகிச்சையின் நடுவே ரமளான் வந்தே தீரும். மாத்திரையை நாமாக நிறுத்தாமல், நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்நேரத்தில் சாப்பிடலாம் என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.