50 கோடி ஆண்டுப் பழைய ‘கல் பூச்சி’யைச் சேகரிக்க ஆசையா? கல்லைவிட அதோடு வரும் சீட்டு முக்கியம்!

ஆன்லைனில் ஒரு புதைபடிவம் விற்பனைக்கு வருகிறது. கறுத்த ஓடு, முதுகில் வரிசையாக முட்கள், உருண்டைக் கண்கள். ‘மொராக்கோ ட்ரைலோபைட், 100% ஒரிஜினல்’ என்று போட்டிருக்கிறது. விலையும் கையைக் கடிக்கவில்லை. வாங்கிடலாமா? கொஞ்சம் பொறுங்க. அழகான கல் வேறு, நல்ல சேகரிப்பு வேறு.

ட்ரைலோபைட் என்றால் என்ன?

நண்டு, தேள், பூரானுக்கெல்லாம் தூரத்துச் சொந்தமான கடல் உயிரினம் இது. உடல் நீளவாக்கில் மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதால் இந்தப் பெயர். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மொத்தமாக அழிந்துபோனது. அதாவது, முதல் டைனோசர் பிறப்பதற்கு முன்பே இதன் கதை முடிந்துவிட்டது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

இது வளரும்போது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். ஒரே உயிர் பல ஓடுகளை விட்டுச் செல்லும். ஓடும் கால்சைட் என்ற கனிமத்தால் உறுதியாக இருந்ததால், பாறையில் நன்றாகப் பதிந்தது. கண்ணின் லென்ஸ்கூட கால்சைட்தான்! இத்தனை பழைய உயிரினம் சாதாரண ஆட்களின் அலமாரிவரை வந்து சேர்வதற்கு இதுவே காரணம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரும்பாலான சேகரிப்பாளர்களின் முதல் கல் ‘எல்ரேதியா கிங்கி’. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்டா என்ற சிற்றூருக்கு மேற்கே உள்ள மலைத்தொடரில் இது ஏராளமாகக் கிடைக்கிறது. அடிப்பக்கத்தில் கால்சைட் தடிமனாகப் படிந்திருப்பதால், பாறையைத் தட்டினால் பொத்தான் மாதிரி முழுசா கழன்று வரும். சிறியது சில டாலருக்கே கிடைக்கும். இவ்வளவு மலிவானதைப் போலியாகச் செய்தால் கட்டுப்படியாகாது என்பதால், புதியவர்களுக்குப் பாதுகாப்பான தொடக்கமும் இதுதான்.

அங்கே கட்டணம் கட்டி நாமே தோண்டி எடுக்கும் குவாரியும் உண்டு. அமெரிக்காவின் பொது நில நிர்வாகத்துக்கு உட்பட்ட பல இடங்களில், இதுபோன்ற சாதாரண வகைகளைச் சொந்த உபயோகத்துக்காக ஓரளவு எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் தொடவே கூடாது. கனடாவின் புகழ்பெற்ற பர்ஜெஸ் ஷேல் பகுதியிலும் அப்படித்தான். ‘டட்லி பூச்சி’ என்ற ட்ரைலோபைட்டால் பெயர்பெற்ற இங்கிலாந்தின் டட்லி நகரில், அது கிடைத்த ரென்ஸ் நெஸ்ட் குன்று 1956 முதல் தேசிய இயற்கைக் காப்பகம். அங்கே சுத்தியலுக்கு அனுமதி இல்லை.

நம்ம ஊரில் கிடைக்குமா?

இந்தியாவில் இமயமலையின் ஸ்பிதி, காஷ்மீர் பகுதிப் பாறைகளில் ட்ரைலோபைட்கள் உண்டு. புதைபடிவங்களுக்குப் பெயர்போன அரியலூரில் தேடினால் கிடைக்காது. அங்குள்ள பாறைகள் டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. அந்தக் கடல் வருவதற்குள் ட்ரைலோபைட் அழிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முள் வகைகளுக்கு மொராக்கோவின் அல்னிஃப், எர்ஃபூத் வட்டாரங்கள்தான் பெரிய சந்தை. கெட்டியான சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் ஒரு முள் ட்ரைலோபைட்டை, காற்றழுத்தத்தில் அதிரும் ஊசிக் கருவியால் துகள் துகளாகச் செதுக்கி வெளியே கொண்டுவரப் பல நாள் உழைப்பு தேவை. அதனால்தான் நல்லவை எக்கச்சக்க விலை போகின்றன, போலிகளும் பெருகுகின்றன. கவனிக்க வேண்டியவை:

- லென்ஸ் வழியே பார்த்தால் குட்டிக் குட்டி வட்டக் குழிகள் தெரிகிறதா? வார்ப்பு ரெசினில் சிக்கிய காற்றுக் குமிழ்களாக இருக்கலாம்.
- பாறையை உடைத்துத்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். எனவே கல்லிலும் ஓட்டிலும் தொடர்ச்சியாக ஓடும் ஒட்டிய விரிசல் பெரும்பாலும் நல்ல அறிகுறி.
- பெரிய கண் உள்ள ‘ஃபேகோப்ஸ்’ வகையில் லென்ஸ்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் உஷார்.
- புற ஊதா விளக்கில் சில இடங்கள் மட்டும் வேறுவிதமாக ஒளிர்ந்தால், அது பசையாகவோ பூச்சாகவோ இருக்கலாம்.

உடைந்த முள்ளைச் சரிசெய்வது குற்றமல்ல. அதை மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

சீட்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

யூட்டாவின் பஹ்வாந்த் யூட் பழங்குடியினர் எல்ரேதியாவைத் தாயத்தாக அணிந்தனர். இது தெரியவந்தது எப்படி? டெல்டாவில் பத்திரிகை நடத்திய ஃபிராங்க் பெக்வித், ஒரு பழைய புதைகுழியில் எலும்புக்கூட்டின் மார்புப் பகுதியில் துளையிட்ட ட்ரைலோபைட் இருந்ததைக் கண்டார். இடமும் சூழலும் பதிவானதால்தான் அது தாயத்து. அதே கல் ஒரு பெட்டிக்குள் தனியாகக் கிடைத்திருந்தால்? ஓட்டை போட்ட கல், அவ்வளவுதான்.

ட்ரைலோபைட் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே எந்த அடுக்கில் எந்த இனம் என்பதை வைத்துப் பாறையின் வயதையே கணிக்கிறார்கள். எந்த இடம், எந்த அடுக்கு என்ற தகவல் தொலைந்தால் அந்தக் கல்லின் அறிவியல் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண் கொடுங்கள். கல்லின் அடிப்பக்கத்தில் சின்னதாக வெள்ளைப் பெயின்ட் தடவி அதை எழுதுங்கள். அதே எண்ணில் நோட்டிலோ ஸ்ப்ரெட்ஷீட்டிலோ இனத்தின் பெயர், பாறை அடுக்கு, ஊர், எடுத்த அல்லது வாங்கிய தேதி, பழுது பார்த்த விவரம் எல்லாம் இருக்கட்டும். விற்பவர் தந்த பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. பைரைட்டாக மாறிய பொன்னிறப் படிவங்களை ஈரக்காற்று அரித்துவிடும். சென்னை போன்ற ஊர்களில் சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

இதெல்லாம் தொழில்முறை விஞ்ஞானிகளின் வேலை இல்லையா? யூட்டாவைச் சேர்ந்த லாயிட் கந்தரின் குடும்பம் விடுமுறை நாட்களில் பாறை தட்டிய அமெச்சூர் குடும்பம்தான். சேகரித்தவற்றை அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். இன்று பல புதைபடிவ இனங்களின் அறிவியல் பெயரிலேயே ‘கந்தர்’ இருக்கிறது.

அந்த ஆன்லைன் விளம்பரத்துக்கு மறுபடி வருவோம். விலையைப் பேசும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது?” பதில் தெளிவாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். மழுப்பினால் அடுத்த கல்லைப் பார்க்கலாம்.