ஈரக் காற்றும் இளைஞர் முழங்காலும்

திருவண்ணாமலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால், "முழங்கால் குடைகிறது, ஸார்!" என்ற முறையீடும் கூடவே வந்துவிடும். சொல்பவர் எழுபது வயதுப் பெரியவரானால் நமக்கு வியப்பில்லை. இருபத்தைந்து வயது வாலிபர் சொல்லும்போதுதான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீ ரமண மகரிஷி முதுமையில் கீல்வாதத்தால் அவதியுற்றதை அன்பர்கள் அறிவார்கள். 1896-ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பாலகராய், கதிரவன் ஒளி புகாத பாதாள லிங்க அறையில் அவர் உடலை மறந்து வீற்றிருந்ததையும் அறிவார்கள். அந்த ஈரமே பின்னாளில் வாதமாயிற்று என்று முடிச்சுப் போட்டுவிடுவது எளிது. ஆனால் வைத்திய சாஸ்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

ஈரத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா? 2017-இல் அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வைத்திய வருகைக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், மழை நாளில் மூட்டுவலிக்காரர் அதிகம் வந்ததாகக் காணவில்லை. 2019-இல் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர், நாட்பட்ட வலியுள்ள 2,658 பேரின் அன்றாடக் குறிப்புகளைப் பரிசீலித்து, காற்றில் ஈரம் மிகுந்து அழுத்தம் குறைந்த நாட்களில் வலி ஓரளவு கூடுவதைக் கண்டார்கள். ஆக, மழை ஏற்கெனவே உள்ள வலியைச் சிறிது தூண்டலாம், நோயைப் படைப்பதில்லை.

அப்படியாயின், வாலிபரின் வலிக்குக் காரணம் என்ன? பெரும்பாலும் முழங்கால் சில்லைச் சார்ந்த வலியே. பழக்கமின்றித் திடீரென்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போவது, ஸ்கந்தாசிரமப் பாதையில் விரைந்து ஏறி இறங்குவது, மணிக்கணக்கில் கால் மடக்கி அமர்வது ஆகியவற்றால் இது தலைகாட்டும். தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவதே இதற்கு நல்ல மருந்து. நாற்காலியில் அமர்ந்து காலை மெதுவாக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, இறக்குக. பத்து முறை செய்க. மழையென்று மூலையில் முடங்கினால் தசை தளர்ந்து வலி வளரும்.

மழைக்காலத்துக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு. தேங்கிய நீரில் பெருகும் கொசு கொணரும் சிக்குன்குனியாவே அது. 1964-இல் சென்னையை வாட்டிய இக்காய்ச்சல், 2006-இல் மீண்டும் தமிழகத்தில் பரவியது. காய்ச்சல் தணிந்த பின்னும் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

முடக்கத்தான் தோசையும், வீக்கமில்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் இதமளிக்கும், தடையில்லை. ஆனால் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், காலையில் அரைமணிக்கு மேல் மூட்டுகள் விறைத்திருந்தாலும் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும். அது இளமையிலேயே தோன்றும் முடக்குவாதமானால், ஆரம்பத்திலேயே சிகிச்சை செய்து மூட்டு கோணாமல் காக்கலாம். குழந்தைகளுக்குத் தொண்டை நோவுக்குப் பின் மூட்டு வீங்கினால் இன்னும் எச்சரிக்கை தேவை. வாதக் காய்ச்சல் இருதயத்தையே பழுதாக்கிவிடும்.

எனவே, பெற்றோர்களே, வருண பகவான்மீது வழக்குத் தொடுத்துக் காலங் கடத்தாதீர்கள். பிள்ளையின் முழங்காலை முதலில் பாருங்கள்; பிறகு வானத்தைப் பார்க்கலாம்.