பிடியும் வழுக்கலும்: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் பெல்ட்டும் கியர்பாக்ஸும்

டிரையம்ஃப் நிறுவனம் 1915இல் கொண்டுவந்த ‘மாடல் ஹெச்’ மோட்டார் சைக்கிளில் எஞ்சினின் விசை இரண்டு கட்டமாகப் பின்சக்கரத்தை அடைகிறது. எஞ்சினிலிருந்து ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக கியர்பாக்ஸ் வரை செயின். அங்கிருந்து பின்சக்கரம் வரை பெல்ட். முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகச் சுமார் 30,000 வண்டிகள் இந்த அமைப்போடு ஓடின. இதில் அருகருகே இருக்கும் இரண்டு பாகங்களின் தேவைகள் நேர் எதிரானவை. பெல்ட்டுக்கு உராய்வு வேண்டும். கியர்களுக்கு உராய்வே பகை. கியர்பாக்ஸில் இருக்கவேண்டிய எண்ணெய் பெல்ட்டுக்குப் போய்விட்டால் இரண்டும் கெடும். ஆகவே இவ்வகை வண்டிகளைச் செப்பனிடும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பெல்ட்டின் காலம்

தொடக்ககால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸும் இல்லை, கிளட்சும் இல்லை. எஞ்சின் புல்லியிலிருந்து பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனது. முதலில் தோல் பெல்ட்டுகள். பிறகு கித்தானும் ரப்பரும் சேர்ந்த வி வடிவ பெல்ட்டுகள். மேடு வந்தால் வண்டியை நிறுத்தி, எஞ்சின் புல்லியின் விட்டத்தை மாற்றி, பெல்ட்டின் நீளத்தையும் சரிசெய்து ஏறவேண்டியிருந்தது. ஓடும்போதே புல்லியின் விட்டத்தை மாற்றும் வழியை ஜெனித் நிறுவனத்தின் ‘கிராஜுவா’ கொண்டுவந்தது. ரட்ஜ் ‘மல்ட்டி’யில் எஞ்சின் புல்லி விரியும்போது பின்சக்கரப் புல்லி அதற்கேற்பக் குறுகும், அதனால் பெல்ட்டின் இறுக்கம் மாறாது.

1911இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயம் முதன்முறையாக மலைப்பாதையில் நடந்தது. செயினும் இரண்டு வேக கியரும் கொண்ட அமெரிக்க ‘இந்தியன்’ வண்டிகள் சீனியர் பிரிவின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. 1914 சீனியர் பந்தயத்தில் சிரில் புல்லின் ரட்ஜ் மல்ட்டியில் வென்று பெல்ட்டின் மதிப்பைக் காத்தார். ஆனாலும் 1920களில் செயின் எங்கும் பரவி, பெல்ட் வழக்கொழிந்தது.

பிடியின் கணக்கு

தட்டை பெல்ட் புல்லியின் மேற்பரப்பில் படிந்து இழுக்கிறது. வி பெல்ட் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே ஆப்பாக இறங்கி இறுகுகிறது. பிரிட்டிஷ் வண்டிகளில் இந்தச் சுவர்களுக்கு இடைப்பட்ட கோணம் வழக்கமாக 28 பாகை. இந்தக் கோணத்தில் உராய்வின் பலன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

புல்லியைப் பெல்ட் 165 பாகை தழுவுகிறது, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். தட்டை பெல்ட்டில், இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைவிட 2.4 மடங்கைத் தாண்டினால் வழுக்கும். வி பெல்ட் ஏறத்தாழ 35 மடங்கு வரை பிடிக்கும். ஈரமோ எண்ணெயோ பட்டுக் கெழு 0.1க்கு இறங்கினால், அந்த 35 வெறும் மூன்றே சொச்சமாகிவிடும். மழையில் பெல்ட் வண்டிகள் திணறியதன் காரணம் இதுதான். தழுவும் கோணம் குறைவாக இருப்பதால் வழுக்கல் எப்போதும் சிறிய புல்லியில்தான் தொடங்கும்.

பெல்ட்டைச் சரிசெய்தல்

முதலில் பார்க்கவேண்டியது புல்லியை. பக்கச் சுவர்கள் தேய்ந்து குழிந்திருந்தால் பெல்ட் கீழே இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொடும். ஆப்பாக இறுகும் பலன் அப்போதே போய்விடும். அடிப்பகுதி பளபளவென்று இருப்பது அதற்கான அடையாளம். அத்தகைய புல்லியை லேத்தில் கொடுத்து 28 பாகைக்குக் கடைந்தெடுக்காமல் புதிய பெல்ட் போடுவது வீண். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்; கோணலாக இருந்தால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

நீண்டுபோன பெல்ட்டைக் குட்டையாக்க, முனையைக் கூரான கத்தியால் செங்கோணமாக வெட்டவேண்டும். இணைப்புக் கொக்கியின் திருகுக்கான துளை பெல்ட்டின் நட்டநடுவில் விழவேண்டும். விளிம்பை ஒட்டித் துளையிட்டால் கித்தான் கிழிந்துவிடும். கொக்கியின் அகலம் பெல்ட்டைவிடக் குறைவாக இருக்கவேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு சுற்றிலும் அது புல்லியின் சுவரைச் சுரண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் எஞ்சின் பேரிங்குகள் சுமையைத் தாங்கவேண்டியிருக்கும். தோல் பெல்ட் காய்ந்து வெடிக்காமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவது பழைய முறை. ரப்பர் பெல்ட்டுக்கு எந்த எண்ணெயும் ஆகாது. கனிம எண்ணெயை உறிஞ்சிய ரப்பர் உப்பி இளகிவிடும்.

கியர்பாக்ஸுக்கு ஏன் கிரீஸ்?

இன்றைய ரப்பர் ஆயில் சீல்கள் அக்காலக் கியர்பாக்ஸ்களில் இல்லை. கம்பள வாஷர்களும் ஷாஃப்டில் வெட்டிய எதிர்த்திசை மரைகளுமே எண்ணெயைத் தடுத்துவைத்தன. பெரும்பாலான பெட்டிகளில் மெயின் ஷாஃப்ட், வெண்கல புஷ் வழியாக ஸ்லீவ் கியருக்குள் சுழல்கிறது. அந்த புஷ் தேய்ந்தால் அதுவே கசிவுக்கு வழி. அதனால் பர்மன், ஆல்பியன் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் பலவற்றுக்கு எளிதில் கசியாத, இளகிய கிரீஸே விதிக்கப்பட்டது. திருவொற்றியூரில் தயாரான பழைய நான்கு கியர் புல்லட்டின் பெட்டியும் ஆல்பியன் வழியில் வந்ததுதான்.

கடையில் கிடைக்கும் எந்த கிரீஸையும் அடைத்துவிட முடியாது. கெட்டியான கிரீஸைக் கியர் பற்கள் ஒருமுறை ஒதுக்கித் தள்ளினால் அது சுவரில் ஒட்டி அங்கேயே நின்றுவிடும். நடுவில் பற்கள் உலர்ந்து அரைபடும். கிரீஸின் கெட்டியை 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பு 5 நொடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். சக்கர பேரிங்குக்கான என்எல்ஜிஐ 2 தரத்தில் அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர், 00 தரத்தில் 40 முதல் 43. தானாக வழிந்து பற்களிடம் திரும்பும் இந்த 00 தரமே கியர்பாக்ஸுக்கு ஏற்றது.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

எண்ணெய்க்கென்று வடிவமைத்த பெட்டிகளில் கவனிக்கவேண்டியவை இரண்டு. எஸ்ஏஇ 90 கியர் ஆயில், எஸ்ஏஇ 40 அல்லது 50 எஞ்சின் ஆயில் அளவுக்கே கெட்டியானது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். அடுத்தது, ஜிஎல்-5 ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். கார்களின் பின்அச்சில் இருக்கும் ஹைப்பாயிடு கியர்களைக் காக்கச் சேர்த்த இவை, சூட்டில் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். பழைய பெட்டியின் நேர்ப்பல் கியர்களுக்கு அவ்வளவு பாதுகாப்பு தேவையும் இல்லை, ஜிஎல்-4 போதும்.

வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது பழைய எண்ணெயை வடிக்கவேண்டும். வடிந்ததில் காந்தத்தைத் துழாவினால் எஃகுத் துகள் ஒட்டும். ஒட்டாமல் பொன்னிறத்தில் மின்னுவது வெண்கலம், அதாவது புஷ் தேய்கிறது. நிரப்பும்போது குறித்த மட்டத்தைத் தாண்டக்கூடாது. கூடுதல் எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறி, ஷாஃப்ட் ஓரமாக வெளியேறும்.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே அமைகிறது. முதலில் புஷ், வாஷர்களைப் பார்த்துக் கசிவை அடைக்கவேண்டும். பிறகு சரியான கிரீஸையோ எண்ணெயையோ சரியான மட்டத்துக்கு நிரப்பவேண்டும். அடுத்து புல்லிகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்கவேண்டும். புதிய பெல்ட்டை மாட்டுவது கடைசி வேலை.