மழையிலும் நிற்கும் டயர்: வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஐப்பசி மழை தொடங்குமுன் நம் வியாபாரிகள் குடோன் ஓட்டைச் சரிபார்க்கிறார்கள். மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறார்கள். புதுத் தார்ப்பாய் வாங்குகிறார்கள். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து வரும் வண்டியின் டயரைக் குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு. டயர் வாங்கப் போனாலும் நாம் கேட்பது இரண்டே கேள்விகள். என்ன விலை? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஈரச் சாலையில் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

காய்ந்த சாலையில் சுமாரான டயரும் நன்றாகவே பிடிக்கும். சொல்லப்போனால் பட்டன் தேய்ந்த டயரில் ரப்பர் கூடுதலாகத் தரையில் படுவதால் வெயிலில் குறையே தெரியாது. பந்தயக் கார்களுக்குக் காய்ந்த தளத்தில் பள்ளமே இல்லாத மொழுமொழு டயர் மாட்டுவது இதனால்தான். மழை வந்தால் அவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பள்ளம் வெட்டிய டயரை மாட்டுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஒரே டயர் இரண்டு காலத்திற்கும் உழைக்க வேண்டும்.

டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்கு அல்ல; அவை வடிகால். தண்ணீர் நிற்கும் சாலையில் வண்டி போகும்போது, டயருக்கு அடியில் சிக்கும் நீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேற வேண்டும். வேகம் கூடினாலோ, பள்ளம் ஆழம் குறைந்தாலோ, காற்று குறைந்தாலோ நீர் வெளியேறாமல் டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். பிரேக் மிதித்தும் பலனிராது. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை இன்னும் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழுக்கும்.

சட்டப்படி கார், சரக்கு வண்டிகளுக்குப் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ. புதுக் கார் டயரில் இது ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. எங்கள் மண்டி வண்டிகளுக்கு நாங்கள் அதுவரை காத்திருப்பதில்லை, 3 மி.மீ. வந்ததும் மழைக்கு முன்பே மாற்றிவிடுகிறோம்.

வீட்டுப் பிள்ளைகள் காருக்கு அகலமான, பக்கச்சுவர் தாழ்ந்த டயர் கேட்கிறார்கள். காய்ந்த நெடுஞ்சாலையில் வளைவு திரும்பும்போது அது நன்றாகவே பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். ஆகவே அகல டயர்தான் என்றால், சுற்றிலும் ஆழமான நெடும்பள்ளங்கள் உள்ளதா, ரப்பரில் சிலிகா சேர்ந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். 1992-ல் மிச்செலின் கம்பெனி சிலிகா கலந்த டயரைக் கொண்டுவந்த பிறகு, ஈரத்தில் பிடிமானமும் எண்ணெய்ச் செலவில் சிக்கனமும் ஒரே டயரில் கிடைக்க வழி பிறந்தது. விலை சற்றுக் கூடுதல்தான்.

டயரின் பக்கச்சுவரே ஒரு ரசீது போன்றது. 185/65 ஆர் 15 88 எச் என்றிருந்தால், அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம்; ரேடியல் வகை; ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை என்பதற்கும் குறி. வண்டிப் புத்தகத்தில் உள்ளதற்குக் குறைந்த எண் வாங்கவே கூடாது. குட்டியானையில் நாம் ஏற்றும் பாரம் நமக்கே தெரியும்!

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரத் தயாரிப்பு. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம், டயரில் பார்க்காமல் பணம் கொடுக்கிறோம். அமெரிக்க முறைப்படி தரம் அச்சிட்ட டயர்களில் தேய்மான எண்ணைத்தான் கடைக்காரர் காட்டுவார். பக்கத்தில் ட்ராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என எழுத்து இருக்கும். நனைந்த தளத்தில் நேராக பிரேக் பிடித்துப் பார்த்துத் தரும் தரம் அது. அதைப் பாருங்கள். நம் மத்திய அரசும் 2022-ல் ஈரப் பிடிமானம், உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் அளவு வகுத்து விதி வெளியிட்டது.

காருக்கு இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே மாட்டுவது? முன்னால் என்பார் மெக்கானிக். பின்னால் மாட்டுவதே சரி. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அம்புக்குறி போட்ட டயரை அது காட்டும் திசையில்தான் மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் தண்ணீர் சரியாக வெளியேறாது.

ரீபட்டன் டயரை முன்சக்கரத்தில் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் கார்த்திகை மழையில் சரக்கோடு இறங்கும் டிரைவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க அவர் உயிரா கிடைத்தது?

புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கும்போது கடையின் பெயரில் பில் கேட்டு வாங்குங்கள். அதில் டயர் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது அந்தச் சீட்டு தேவைப்படும்.