பாக்கு வியாபாரியின் வெள்ளைப் பசை



சென்ற கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேலூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். "அண்ணாச்சி, கம்பெனி வச்ச பேரே சரக்குக்குப் பேரா ஆனது நம்ம கடையில எத்தனை இருக்கு?" ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம். வனஸ்பதிக்கு டால்டா. பசைக்கு பெவிகால். வேறு கம்பெனி டப்பாவை எடுத்து வைத்தாலும், "இது எந்த பெவிகால்?" என்றுதான் வாடிக்கையாளர் கேட்கிறார். டால்டா கதை நம்மில் பெரியவர்களுக்குத் தெரியும். பெவிகால் கதை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. விசாரித்து எழுதும்படி என்னிடம் சொல்லிவிட்டார்கள். நம்மைப் போலச் சரக்கு வாங்கி விற்ற ஒருவரின் கதை என்பதால் எனக்கும் எழுத ஆசைதான்.

முதலில் பழைய பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு வஜ்ஜிரம் என்றால் மீன் ஞாபகம்தான் வரும். நான் சிறுவனாக இருந்தபோது ஆசாரிமார் மரத்தை ஒட்டியது வஜ்ஜிரத்தை வைத்துத்தான். மாட்டுத் தோல், எலும்பு முதலியவற்றை வேகவைத்து எடுக்கும் பசை அது. பழுப்பு நிறத்தில், உடைந்த கண்ணாடி போல வில்லை வில்லையாக வரும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காலையில் சட்டியில் போட்டு, அந்தச் சட்டியை வெந்நீர் உள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் இறக்கிக் காய்ச்ச வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் கருகிவிடும். நாற்றம் தெருமுனை வரை வரும். சூடாக இருக்கும்போதே தடவியாக வேண்டும்; ஆறினால் கெட்டியாகிவிடும், மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தால் ஒரு ஆள் அடுப்படியிலேயே இருக்க வேண்டியதுதான். இவ்வளவு பாடுபட்டு ஒட்டினாலும், ஐப்பசி மழையின் ஈரத்தில் மூட்டு இளகும். கரப்பானும் அரிக்கும்.

பசையை மாற்றியவர் பல்வந்த்ராய் கல்யாண்ஜி பரேக். குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்து மஹுவா என்ற ஊர்க்காரர். 1925இல் பிறந்தவர். பம்பாய்க்குச் சட்டம் படிக்கப் போனார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வந்ததும் படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார். பிறகு திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தாரே தவிர, வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. சாயமேற்றி அச்சடிக்கும் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். பிறகு ஒரு மர வியாபாரியின் ஆபீசில் பியூன். அந்த மரக் கிடங்கிலேயே மனைவியோடு குடியிருந்தார். வக்கீலுக்குப் படித்தவர் மரக் கிடங்கில் பியூனாக இருந்தார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். மரத்தோடும் தச்சர்களோடும் அங்கே பழகிய பழக்கம்தான் பின்னால் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு ஒருவர் முதல் போட்டு உதவ, சொந்தமாக இறக்குமதி வியாபாரம் தொடங்கினார். சைக்கிள், பாக்கு, காகிதத்துக்கான சாயம் என்று கிடைத்ததை வாங்கி விற்றார். பாக்கு வியாபாரி என்று தலைப்பில் போட்டது அதனால்தான். 1950களில் ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனிக்கு இந்தியாவில் ஏஜெண்டாக இருந்த ஒரு நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். அந்தத் தொடர்பில் ஜெர்மனிக்குப் போய் ஒரு மாத காலம் தங்கி வந்தார். திரும்பியபின் ஏஜென்சி வருமானமே போதும் என்று இருந்துவிடவில்லை. தம்பி சுஷில் பரேக்கையும் சேர்த்துக்கொண்டு பம்பாய் ஜேக்கப் சர்க்கிளில் பரேக் டைகெம் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் உற்பத்தியில் இறங்கினார். அங்கே முதலில் தயாரானது துணிகளுக்கு அச்சிட உதவும் சாயச் சரக்கு. பசை வந்தது 1959இல்.

ஹெக்ஸ்ட் கம்பெனியிடம் மோவிகால் என்று ஒரு பசை இருந்தது. அந்த ஓசையிலேயே தம் சரக்குக்கு பெவிகால் என்று பெயர் வைத்தார்.

இந்த வெள்ளைப் பசை எப்படி வேலை செய்கிறது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பாலில் வெண்ணெய்த் துகள் மிதப்பது போல, பாலிவினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக் பொருளின் மிகச் சிறிய துகள்கள் இதில் தண்ணீரில் மிதக்கின்றன. பால் போல வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். மரத்தில் தடவினால் தண்ணீரை மரம் உறிஞ்சுகிறது. மிச்சம் காற்றில் போகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் வேர் விட்டதுபோல இறுகி ஒரே படலமாகிவிடுகின்றன. காய்ந்தபின் வெண்மை மறைந்து கண்ணாடி போல ஆகும். தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும் என்பதால்தான் ஆசாரி கிளாம்ப் போட்டு இராத்திரி முழுவதும் வைக்கிறார். மூடியைத் திறந்து வைத்த டப்பாவில் மேலே ஆடை படிவதும் இதே காரணத்தால்தான். சில்லறைக்கு ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரர்கள் மூடியைக் கவனிக்க வேண்டும்.

காய்ச்ச வேண்டாம், நாற்றமில்லை, ஊறப் போட வேண்டாம். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் நல்ல சரக்கு என்பதற்காக மட்டும் ஒரு பொருள் ஓடிவிடாது என்பது நமக்குத் தெரியாததா? பரம்பரையாக வஜ்ஜிரத்தை நம்பிய ஆசாரி, பால் போன்ற ஒரு திரவத்தை எப்படி நம்புவார்? இங்கேதான் பரேக் ஒரு காரியம் செய்தார். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கடனுக்கு அடுக்கவில்லை. ஆட்களை நேராகத் தச்சர்களிடம் அனுப்பினார். பசையை உபயோகிக்கிறவர் யாரோ அவரைப் பிடித்தார். பின்னாளில் மேஜை, நாற்காலி, அலமாரி மாதிரிகள் அச்சிட்ட புத்தகங்களை அந்த நிறுவனம் தச்சர்களுக்காக வெளியிட்டது. வீட்டுக்காரரிடம் அந்தப் புத்தகத்தை விரித்து, "இது மாதிரி செய்யட்டுமா?" என்று ஆசாரி கேட்கலாம். தச்சர்களுக்கென்று ஒரு மன்றமும் வைத்தார்கள்.

நம் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் கொஞ்சம் கசப்பும் உண்டு. மற்ற சரக்கில், "இதை வாங்கிப் போங்கள், நன்றாக இருக்கும்" என்று நாம் சொன்னால் வாடிக்கையாளர் கேட்பார். பெவிகாலில் நம் பேச்சு எடுபடாது. ஆசாரி சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்; வீட்டுக்காரர் சீட்டை நீட்டுகிறார்; நாம் எடுத்துக் கொடுக்கிறோம். பெயர் சொல்லிக் கேட்கும் சரக்கில் நமக்கு லாபம் குறைவு, சுழற்சி அதிகம். வைக்காமலும் இருக்க முடியாது. ஒரு கம்பெனி இந்த நிலைக்கு வந்துவிட்டால் அதை அசைப்பது கஷ்டம்.

அதன்பிறகு வளர்ச்சி வேகம்தான். இரண்டு யானைகள் எதிரெதிராக இழுத்தும் பிரியாத அந்தப் படம் டப்பாவில் ஏறியது. பெரிய டப்பா மட்டும் என்றிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சிறு டியூபாகவும் வந்தது. தச்சுப்பட்டறைச் சரக்கு மளிகைக் கடைக்குள் நுழைந்தது அந்த டியூப் வழியாகத்தான். விளம்பரங்களை ஓகில்வி நிறுவனத்தின் பியூஷ் பாண்டே குழுவினர் செய்தார்கள். மேடு பள்ளத்தில் குலுங்கிப் போகும் ஒரு வண்டியில், கூரை மேலும் பக்கவாட்டிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டு ஒருவர்கூட விழாமல் போவார்களே, அது நினைவிருக்கும். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கிளம்பும் டவுன் பஸ்ஸைப் பார்த்தால் எனக்கு அந்த விளம்பரம்தான் ஞாபகம் வரும்.

கம்பெனியின் பெயர் பிடிலைட் இண்டஸ்ட்ரீஸ் என்று ஆனது. 1993இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 2000இல் மஹிந்திரா குழுமத்திடமிருந்து எம்-சீல் வியாபாரத்தை வாங்கியது. எலெக்ட்ரீஷியன்கள் கேட்கும் ஸ்டீல்கிரிப் இன்சுலேஷன் டேப்பும் இவர்களிடம் வந்து சேர்ந்ததுதான். ஆக, தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், ஒயர் பிய்ந்தாலும், நாற்காலிக் கால் ஆடினாலும் ஒரே கம்பெனியின் சரக்கைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். 2023-24ஆம் நிதியாண்டில் அதன் விற்பனை 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பல்வந்த்ராய் பரேக் 2013 ஜனவரியில் காலமானார்.

பெவிகுவிக் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் அட்டையோடு தொங்கும் சின்னக் குப்பி. இது வேறு ஜாதிப் பசை. சயனோஅக்ரிலேட் என்று பெயர். 1942இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்கிறதே என்று தூர வைத்த பொருள் அது. 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. வெள்ளைப் பசை தண்ணீர் போனால் இறுகும்; இது காற்றிலுள்ள ஈரம் பட்டால் இறுகும். ஆகவே ஐஸ் பெட்டி, தண்ணீர்க் குடம் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். தகரக் கூரைச் சூட்டிலும் வேண்டாம். மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்திலும் வேண்டாம், சிறு பிள்ளைகள் கை போடும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இனி எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 1994. கடை அப்போது கீழமாசி வீதியில். அப்பா கல்லாவில் இருப்பார். சரக்கு எடுப்பது என் பொறுப்பு. ஒரு ஆள் மத்தியான நேரத்தில் வந்தான். அதே பெயர், அதே யானை, விலை மட்டும் பெட்டிக்கு நல்ல வித்தியாசம். "பில் கேட்காதீங்க அண்ணாச்சி, வடக்கேயிருந்து நேரா வருது" என்றான். எனக்கு அப்போது முப்பது தாண்டிய வயசு, கெட்டிக்காரன் என்று நினைப்பு. அப்பாவிடம் கேட்காமல் ரொக்கம் கொடுத்து இரண்டு பெட்டி எடுத்தேன். ஒரு கிராமத்துக் கடைக்காரருக்கு அதிலிருந்து பாதி போனது.

ஐப்பசி பிறந்தது. அந்தக் கடைக்காரர் ஒரு வயதான ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி ஒரு கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் செய்து கொடுத்திருக்கிறார். மழை ஈரத்தில் பலகை பலகையாக விட்டுவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் அவமானம். ஆசாரி சத்தம் போடவில்லை. மிச்சமிருந்த டப்பாவை அப்பா முன்னால் வைத்து, "நாப்பது வருஷத் தொழில், முதலாளி" என்று மட்டும் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவைத் திறந்து மரத்துக்கும் கூலிக்கும் எண்ணிக் கொடுத்தார். கிடங்கிலிருந்த மிச்ச டப்பாக்களை அன்று சாயங்காலமே நானே வைகை மணலில் கொட்டிவிட்டு வந்தேன். ஆற்றில் கொட்டியதும் தப்புதான்; அன்றைக்கு அது தோன்றவில்லை. ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. அந்த ஆசாரி அதன்பின் எங்கள் கடைப்படி ஏறவேயில்லை.

இன்று இந்தத் தப்பு பணத்தோடு போகாது. 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி போலி முத்திரைச் சரக்கை விற்றாலும் விற்பதற்கு வைத்திருந்தாலும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். "எனக்குத் தெரியாது, கொண்டுவந்து கொடுத்தார்கள்" என்று சொன்னால் போதாது. யாரிடம் வாங்கினோம் என்று காட்டியாக வேண்டும். அதற்குப் பில் வேண்டும். பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் இல்லாமல் வருகிற ஆள் காட்டும் விலைக் குறைவில் பெரும்பகுதி இந்த 18 சதவீதம்தான். நாம் முறையாகக் கட்டினால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரவு வைத்துக்கொள்ளும் பணத்தையே அவன் சலுகை போலக் காட்டுகிறான்.

விலை ஏறும் சமயத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் அதிகம் வருவார்கள். வெள்ளைப் பசைக்கு மூலப்பொருளான வினைல் அசிடேட் மோனோமர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே டப்பா விலை ஏறும். 2021-22இல் அப்படித்தான் ஏறியது. ஏறியவுடன் ஆசாரிகள் விலையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், பின்னாலேயே மலிவுச் சரக்குக்காரன் வந்து நிற்பான். டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரித்த மாதம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்வதற்கான போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

அன்றைய டப்பாக்களில் ஒன்றை மட்டும் கொட்டாமல் வைத்திருந்தேன். உள்ளே காய்ந்து கல்லாகிவிட்டது. இப்போது மாட்டுத்தாவணிக் கடையில் என் மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் அதையும் ஒரு அசல் டப்பாவையும் கொடுத்து, "எதுப்பா நம்ம சரக்கு?" என்று கேட்பேன். போன வாரம் வந்த பையன் பழையதைத்தான் காட்டினான்.